பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) எடுக்கலாமா? ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வழிகாட்டி

"குழந்தைங்கன்னா எனக்கு உயிர், அதனால பீடியாட்ரிக்ஸ் எடுக்கறேன்" என்பது ஹவுஸ் சர்ஜன் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வார்டுக்குள் போனால், உங்களைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை அநேகமாக அன்று டிஸ்சார்ஜ் ஆகிற குழந்தைதான். மற்றதெல்லாம் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வீறிடும். அதனால் பிரியத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு சிலதைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கணக்குப் போட அலுப்பில்லாமல் வருமா? விடியற்காலை மூன்று மணிக்கு லேபர் வார்டிலிருந்து போன் வந்தால் ஓட முடியுமா? அம்மா, பாட்டி, அத்தை என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டாலும் மூன்று முறையும் அதே பொறுமையோடு பதில் சொல்ல வாய் வருமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே படியுங்கள்.

பாதையும் ஆண்டுக் கணக்கும்

பிளஸ் டூவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: நீட், பிறகு எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியான சி.ஆர்.ஆர்.ஐ. ஓராண்டு, அதன்பின் எம்.டி. பீடியாட்ரிக்ஸ் மூன்று ஆண்டு. நடுவில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கு உட்கார்ந்து படிக்கும் ஓராண்டையும் சேர்த்தால், 18 வயதில் நுழைந்தவர் வெளியே வரும்போது 27, 28 ஆகியிருக்கும். டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு வேண்டுமென்றால் இன்னும் மூன்று ஆண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகுதியிருந்தும் படிப்புச் சான்றிதழ்களைக் கடைசி நேரத்தில் தேடி அலைபவர்கள் உண்டு. பள்ளியை விட்டு வரும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்பவர் பீடியாட்ரிக்ஸ் படித்தவர் இல்லை. அது பீடியாட்ரிக் சர்ஜரி. எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்து, அறுவை சிகிச்சைக்கான உயர் சிறப்புப் படிப்பான எம்.சிஎச். படிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு சேரும், தேசியத் தேர்வு வாரியத்தின் ஆறாண்டு டி.ஆர்.என்.பி. வழியும் இருக்கிறது. கத்தி பிடிக்கும் ஆசையோடு எம்.டி. பீடியாட்ரிக்ஸில் சேர்ந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது

2021 விதிகளின்படி ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் பீடியாட்ரிக்ஸ் போஸ்டிங் மூன்றே வாரம். அதிலும் பாதி நேரம் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதில் போய்விடும். துறையைத் தேர்ந்தெடுக்க இந்த மூன்று வாரத்தை விட்டால் வேறு ஒத்திகை கிடையாது. எனவே கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

லேபர் வார்டுக்கு பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) போகும்போதெல்லாம் கூடவே போங்கள். பத்துப் பிரசவமாவது பாருங்கள். குழந்தை வெளியே வந்ததும் துடைத்து, தூண்டிவிட்டு, அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுத்தாக வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 40 முதல் 60. புதிதாகச் செய்பவர்கள் பையை வேகமாக அழுத்திக்கொண்டே இருப்பார்கள், நெஞ்சு மேலே ஏறுகிறதா என்று பார்க்க மாட்டார்கள். ஏறவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது கழுத்து மடங்கியோ அளவுக்கு மீறி நிமிர்ந்தோ இருக்கிறது. மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் இவ்விரண்டையும் சரிசெய்தாலே பல குழந்தைகளுக்கு நிறம் திரும்பிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கை நடுங்குவது இயல்புதான். முடிந்த பிறகும் மனம் அடங்காமல் நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லையா, இல்லை அடுத்த பிரசவத்துக்கு நானே போகிறேன் என்று தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். அது முக்கியமான குறிப்பு.

அடுத்தது கேனுலா, நரம்பில் மருந்து ஏற்றப் பொருத்தும் மெல்லிய குழாய். அளவு மஞ்சள் நிற 24, ஊதா நிற 26. நரம்பு கிடைக்கவில்லை என்று புலம்புபவர்கள் பலர் குழந்தையைப் பிடித்துக்கொள்பவரைக் கவனிப்பதே இல்லை. மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்து அசையாமல் பிடிக்கத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது தடவை குத்தும்போது உங்கள் பிடிவாதம்தான் குத்துகிறது.

மூச்சு எண்ணுவதையும் இப்போதே பழகுங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன், அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. பச்சிளங்குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும், கணக்குத் தப்பிவிடும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமூச்சு.

ஒரு இரவாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் முழுதாக உட்காருங்கள். பகலில் பார்க்கும் என்.ஐ.சி.யூ. வேறு.

கணக்குத்தான் முதல் மருந்து

பெரியவர்களுக்கு "பாராசிட்டமால் ஒன்று, மூன்று வேளை" என்று எழுதிவிட்டுப் போகலாம். இங்கே 900 கிராம் குறைமாதக் குழந்தையும் 60 கிலோ பத்தாம் வகுப்புப் பையனும் ஒரே ஓ.பி.யில் வருவார்கள்.

ஒரே ஒரு மருந்தை எடுத்துப் பார்ப்போம். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கடையில் கிடைப்பது 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப், 250 மி.கி. உள்ள சிரப், பிறகு ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., மூன்றாவதில் ஒன்றரை மி.லி. நீங்கள் சீட்டில் 6 மி.லி. என்று மட்டும் எழுதி, வீட்டில் ஏற்கெனவே இருந்த சொட்டு மருந்தை எடுத்து அம்மா 6 மி.லி. ஊற்றிவிட்டால் உள்ளே போவது 600 மி.கி. நாலு வேளைக்கு உரியது ஒரே வேளையில். தவறு அம்மாவுடையதா? சீட்டில் வலிமையை எழுதாதவருடையது. மருந்தின் பெயர், 5 மி.லி.யில் எத்தனை மி.கி., ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு ஒருமுறை: இந்த நான்கும் இல்லாத சீட்டு பீடியாட்ரிக்ஸ் சீட்டே இல்லை. கூடவே மருந்து மூடியையோ சிரிஞ்சையோ காட்டி, "இந்தக் கோடு வரைக்கும்" என்று அம்மாவையே ஒருமுறை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.

தப்பு நடக்கும் மற்ற இடங்கள்: போன மாத ஓ.பி. சீட்டில் இருந்த எடையையே எடுத்துக்கொள்வது. 0.5 என்று எழுதாமல் வெறும் புள்ளி ஐந்து என்று எழுதி, புள்ளி அழிந்து பத்து மடங்காகிப் போவது. குளுக்கோஸ் டிரிப் கணக்கை முதல் பத்து கிலோவோடு நிறுத்திவிடுவது. அந்தக் கணக்கு முதல் பத்து கிலோவுக்கு கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. ஆக 12 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 1,100 மி.லி., மணிக்குச் சுமார் 46. இது பராமரிப்பு அளவுதான். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்குக் கணக்கு வேறு. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது உங்களுக்குக் கசக்கிறது என்றால், வாழ்நாள் முழுக்கக் கசக்கும். பொது மருத்துவத்தை யோசியுங்கள், அதில் தப்பில்லை.

அம்மா சொல்வதும் பாட்டி சொல்லாததும்

குழந்தை பேசாது, அதற்காக வரலாறே கிடைக்காது என்று இல்லை. கேட்கத் தெரிய வேண்டும். "இழுப்பு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது வீசிங், சிலருக்கு வலிப்பு. "மூச்சு இழுக்குதாம்மா, கை கால் இழுக்குதா?" என்று கேட்காமல் நெபுலைசரை மாட்டிவிட்டவர்கள் உண்டு. "வெட்டு வந்துச்சு" என்றாலும் வலிப்புத்தான். "மாந்தம்" என்றால் வயிறு உப்புசம், பச்சையாகப் போவது, பால் கக்குவது, வெறும் அழுகை, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். "உரம் விழுந்துருச்சு" என்று தூக்கி வரும் குழந்தைக்குக் காதுவலியோ, பிரசவத்தில் காரை எலும்பு முறிந்ததோ, மூளைக்காய்ச்சலின் தொடக்கமோ இருக்கக்கூடும். உரம் எடுத்துவிட்டு வந்ததைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தொக்கம் எடுக்கப் போன இரண்டு நாளில் உப்புசர்க்கரைக் கரைசல் கொடுக்காமல் குழந்தை வற்றிப்போயிருக்கும். அந்த இரண்டு நாள் உங்களுக்குத் தேவையான தகவல்.

பாட்டியிடம்தான் மீதிக் கதை இருக்கும். பிறந்த அன்று சேனை வைத்தது, உரைமருந்து, வசம்பு, குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நாள்பட்ட நிமோனியாவாகி வரும், எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. "எண்ணெய் ஊத்துனீங்களா?" என்று அதட்டிக் கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். "பாட்டிம்மா, பாப்பாவை நீங்கதான் குளிப்பாட்டுறீங்களா? எப்படிக் குளிப்பாட்டுவீங்க, சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். வயிற்றில் சூடு போட்ட தழும்பு இருக்கிறதா என்று துணியை முழுதாக விலக்கிப் பாருங்கள்.

பால் போதுமா என்ற கேள்வி தினமும் வரும். நாலைந்து நாள் கடந்த குழந்தை நாளுக்கு ஆறேழு முறை சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் போதும் என்று பொருள். அம்மாவுக்குப் பால் இல்லை என்று பாட்டி சொல்வதற்கு முன்பே அந்த அம்மா பாதி உடைந்துபோயிருப்பார். அங்கே நீங்கள் பேசுகிற இரண்டு நிமிடம் ஒரு டப்பா பால் பவுடரை நிறுத்தும்.

தேர்வும் சீட்டும்

நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நாலு, தவறுக்கு ஒன்று குறையும். 2024 முதல் தாள் ஐந்து பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 40 கேள்வி, 42 நிமிடம். நேரம் முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. கடைசியில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மாதிரித் தேர்விலேயே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. செட் என்ற நுழைவுத் தேர்வு தனியாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும்.

அரசுக் கல்லூரிகளின் எம்.டி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி மாநிலக் கவுன்சிலிங்கில் வரும். இரண்டிலும் பதிந்துகொள்ளுங்கள். அரசு இடத்தில் சேரும்போது எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் படிப்புக்குப் பின் எத்தனை காலம் பணி, விலகினால் எவ்வளவு தொகை என்பது அந்தந்த ஆண்டுக் கையேட்டில் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் படிக்காமல், விருப்பப் பட்டியல் போடும் முன்பே படியுங்கள்.

எம்.டி. கிடைக்கவில்லையென்றால் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. மூன்று ஆண்டு, எம்.டி.க்குச் சமமானது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் நல்ல பயிற்சி கிடைக்கும், ஆனால் அங்கே நோயாளி பணம் கட்டி வந்தவர், உங்கள் கை எவ்வளவு தூரம் அனுமதிக்கப்படும் என்பதை விசாரியுங்கள். குழந்தை நலத்துக்கான டி.சி.எச். டிப்ளமா இரண்டு ஆண்டு. அதோடு நின்றால் கிளினிக் நடத்தலாம், நேரடியாக டி.எம்.முக்குப் போக முடியாது. பிறகு இரண்டாண்டு போஸ்ட் டிப்ளமா டி.என்.பி. முடித்தால் அந்தக் கதவு திறக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், இரண்டாம் ஆண்டு பி.ஜி. ஒருவரைப் பிடியுங்கள். முதலாம் ஆண்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை, மூன்றாம் ஆண்டுக்காரருக்குத் தேர்வுப் பயம், இரண்டு பேரும் சரியான பதில் சொல்ல மாட்டார்கள். மாதம் எத்தனை பிரசவம்? வென்டிலேட்டரில் போட்ட குழந்தையை ராத்திரி யார் பார்க்கிறார்கள், பி.ஜி.யா, வெளியிலிருந்து வரும் கன்சல்டன்டா? எமர்ஜென்சியில் குழந்தை வந்தால் முதலில் தொடுவது பீடியாட்ரிக்ஸா, கேஷுவாலிட்டியா? முதலாம் ஆண்டு முடிவதற்குள் எத்தனை தண்டுவட நீர் எடுத்தீர்கள், எத்தனை தொப்புள்கொடி லைன் போட்டீர்கள்? ஸ்டைபண்ட் மாதாமாதம் வருகிறதா? இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு தரவரிசைப் பட்டியல் எதுவும் தேவைப்படாது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்தில் கூட்டம் அதிகம், நோய் வகையும் அதிகம். கூட்டம் குறைந்த இடத்தில் புத்தகம் படிக்க நேரம் கிடைக்கும், கை பழகாது. முதலாவதையே எடுங்கள். படிப்பைப் பிறகும் படிக்கலாம்.

மூன்று ஆண்டுக்குள்

அதிகம் பேர் சறுக்குவது ஆய்வேட்டில். அரிய நோயைத் தலைப்பாக எடுத்துவிட்டு, ஒன்றரை ஆண்டில் ஏழு குழந்தையை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். உங்கள் வார்டில் வாரம் ஐந்தாறு பேராவது வரும் நோயை எடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் ஒரு குழந்தையைக்கூடக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்த மாதங்களையும் ஆய்வுக் கால அட்டவணையில் முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

சேர்ந்த முதல் ஆண்டிலேயே பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சியையும் பெரிய குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சியான பி.ஏ.எல்.எஸ்.ஸையும் முடித்துவிடுவது நல்லது. ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். முதல் குளிர்காலம் முழுக்க உங்களுக்குச் சளியும் இருமலும் இருக்கும். அது எல்லோருக்கும் வருவதுதான்.

போக்சோ பற்றி ஒரு சொல். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012 சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். "வீட்டுல வேணாங்கறாங்க" என்பது விலக்கு ஆகாது. கர்ப்பமாக வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இதே விதிதான். யூனிட் சீஃபிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு நிறுத்தாமல் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

முடித்த பிறகு

அரசுப் பணி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக. அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங் மையங்கள், மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள், வளர்ச்சிக் குறைபாட்டுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் எல்லாவற்றுக்கும் குழந்தை மருத்துவர் வேண்டும். டி.எம். பக்கம் பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தை நரம்பியல், இதயம், சிறுநீரகம், தீவிர சிகிச்சை என்று கிளைகள். நுழைவுத் தேர்வு நீட் எஸ்.எஸ். பிரிட்டன் என்றால் எம்.ஆர்.சி.பி.சி.எச்., அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி மூன்று ஆண்டு ரெசிடென்சியை மறுபடி முதலிலிருந்து.

ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். 2020 மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள், 1.4. சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு 13, அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28. பிறப்பு குறைகிறது, பிறந்தவை பெரும்பாலும் பிழைக்கின்றன. தடுப்பூசி, சளி, காய்ச்சல் என்ற மூன்றை மட்டும் நம்பி ஊருக்கு ஊர் கிளினிக் போட்ட காலம் இனி ஓடாது. ஆட்டிசம், பேச்சுத் தாமதம், குழந்தைப் பருமன், அலர்ஜி, வளரிளம் பருவம், இவற்றில் ஒன்றில் கூடுதல் பயிற்சி எடுத்தவருக்கு வேலை இருக்கும். வளர்ச்சி மருத்துவத்துக்கு ஒரு குழந்தைக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும், அதற்கேற்பக் கட்டணம் கேட்கப் பலருக்குக் கூச்சம். அதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சொந்த கிளினிக் போடுகிறவர்களுக்கு

மருத்துவக் கவுன்சிலில் பட்ட மேற்படிப்பைப் பதிவு செய்வது, மருத்துவ நிறுவனச் சட்டப்படி கிளினிக்கைப் பதிவு செய்வது, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் என்று காகித வேலை முதலில். பிறகு சாமான். பத்து கிராம் வித்தியாசம் காட்டும் எடைக் கருவி, படுக்கவைத்து நீளம் அளக்கும் பலகை, சுவரில் உயரம் அளக்கும் கோல், சிறு விரலுக்கு ஏற்ற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் புரோப், காது பார்க்கும் ஓட்டோஸ்கோப், நெபுலைசர், ஆக்ஸிஜன், பச்சிளங்குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் தனித்தனி பை மாஸ்க். வளர்ச்சி அட்டவணை ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்துடையது, அதற்கு மேல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் தடுப்பூசி ஃபிரிட்ஜ். வீட்டில் பழசான ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும், கதவுத் தட்டில் ஒரு குப்பிகூட வைக்கக் கூடாது, உறைபெட்டியை ஒட்டியும் வைக்கக் கூடாது. சூடு ஏறினால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், நிமோகாக்கல் போன்றவை உறைந்தால் கெடும் என்பதுதான் மறந்துபோகும். உறைந்து உருகிய குப்பி பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நன்றாகக் குலுக்கி வைத்தால் சீக்கிரமே வண்டல் கீழே இறங்கிவிடும். அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் மின்சாரம் போனாலும் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். காலை, மாலை இரண்டு முறை வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும். மேசை இழுப்பறையில் ஆயிரத்தில் ஒன்று வலிமையுள்ள அட்ரினலின் ஆம்பூலும் ஒரு மி.லி. சிரிஞ்சும் எப்போதும் இருக்கட்டும். அளவு கிலோவுக்கு 0.01 மி.லி., தொடைத் தசையில். பத்து கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி. அவசரத்தில் கணக்கு வராது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கிலோவுக்கு உரிய அளவை ஓர் அட்டையில் எழுதி இழுப்பறையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், ஆம்பூல் காலாவதியாகும் மாதத்தையும் அதன் கீழே.